பத்து வருடம் பார்த்த அனிமே முடிந்ததற்கு இவ்வளவு வருத்தம் இயல்பா?

கேள்வி இதுதான்: "2013-இலிருந்து அட்டாக் ஆன் டைட்டன் பார்த்துவந்தேன். கடைசி எபிசோடும் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்தவர் காலிசெய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. முடிவு பிடித்ததா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால் 'கார்ட்டூனுக்கா இவ்வளவு?' என்று சிரிக்கிறார்கள். இது இயல்புதானா? திரும்ப முதலிலிருந்து பார்க்கலாமா? இல்லை, வேறு ஏதாவது தொடங்கட்டுமா?"

நானும் 2013-இல் ஏறிய ஆள்தான். கடைசிவரை இறங்கவில்லை. முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை. எனவே இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது. கீழே எல்லாமே ஸ்பாய்லர்.

முதலில் அந்தச் சிரிப்பைக் கவனித்துவிடுவோம். 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் ஓர் இறுதிச்சடங்கு நடந்தது. இறந்தவரின் பெயர் தோரு ரிகீஷி. குத்துச்சண்டை வீரர். நாயகனோடு ஒரே எடைப்பிரிவில் மோத வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக்கூடத் தள்ளிவைத்து உடம்பை வற்றவைத்து, மேடையேறி, ஜெயித்து, ஜெயித்த கையோடு செத்துப்போனவர். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை என்பதுதான் விஷயம். 'அஷிதா நோ ஜோ' என்ற மாங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், பாத்திரம் அவர். கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்திய அந்தச் சடங்குக்கு ஏறத்தாழ 700 பேர் வந்தார்கள். கோதான்ஷா பதிப்பகத்தின் அரங்கில் குத்துச்சண்டை மேடை போட்டு, பிக்கு ஒருவரை வைத்து முறையாகச் சூத்திரம் ஓதினார்கள். அட்டாக் ஆன் டைட்டனை வெளியிட்டதும் அதே கோதான்ஷாதான். ஆகவே யாராவது "கார்ட்டூனுக்கா?" என்று கேட்டால் ரிகீஷியின் கதையைச் சொல்லுங்கள். சிரிப்பு நிற்காது, ஆனால் பேச்சு மாறும்.

அடுத்து ஒரு கணக்கு. முடிந்த சில நாட்களில் தூக்கம் வராத ஓர் இரவு போட்டுப் பார்த்தது. முதல் சீசன் 25 எபிசோட், இரண்டாவது 12, மூன்றாவது இரு பகுதிகளாக 22, இறுதி சீசனின் முதல் இரண்டு பகுதிகள் 16-உம் 12-உம். மொத்தம் 87. ஒன்றுக்கு 24 நிமிடம் என்று வையுங்கள். அதோடு 2023-இல் வந்த இரண்டு சிறப்பு எபிசோட்கள், ஒன்று சுமார் ஒரு மணி நேரம், மற்றொன்று சுமார் 85 நிமிடம். எல்லாம் சேர்த்து 37 மணி நேரம் சொச்சம். பத்தரை வருடமாகப் பார்த்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தது மொத்தமே ஒன்றரை நாள்!

மிச்ச நாளெல்லாம் என்ன செய்தோம்? காத்திருந்தோம். டைட்டன் என்றால் மனிதரைத் தின்னும் ராட்சதர்கள். அவர்களுக்கு அஞ்சி மக்கள் பெரிய சுவர்களுக்குள் வாழ்கிறார்கள், அதுதான் கதை. முதல் சீசனின் கடைசியில், 2013 செப்டம்பரில், சுவர் பெயர்ந்து உள்ளிருந்து ஒரு டைட்டனின் முகம் எட்டிப் பார்த்தது. சுவருக்குள் ஏன் டைட்டன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே 2017 ஏப்ரல் வரை உட்கார்ந்திருந்தோம். நாயகன் எரெனின் அப்பா முதல் எபிசோடிலேயே "திரும்பி வந்ததும் நிலவறையைக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதவு அனிமேயில் திறந்தது 2019-இல். ஒரு கதவுக்கு ஆறு வருடம்! அந்த ஆறு வருடத்தில் என் வேலை மாறியது, கண்ணாடியின் பவர் இரண்டு முறை கூடியது, நண்பர்கள் வட்டம் பாதியாகச் சுருங்கியது. மாறாமல் இருந்தது அந்த நிலவறையில் என்ன இருக்கும் என்ற கேள்வி ஒன்றுதான். நண்பன் ஒருவனும் நானும் வருடத்துக்கு இரண்டு முறைதான் பேசுவோம். பேசினால் முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு வலிப்பது அந்த 37 மணி நேரமாக இருக்காது. அது எங்கேயும் போய்விடவில்லை, நினைத்தபோது போட்டுப் பார்க்கலாம். காத்திருக்க ஒன்று இருந்தது, அது போய்விட்டது. பத்து வருடமாக மூளையின் ஒரு மூலையில் 'அப்புறம் என்ன?' என்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுவிட்டது. மின்சாரம் போன பிறகுதானே மின்விசிறி அவ்வளவு நேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே தெரிகிறது? எல்லாம் வந்து முடிந்த பிறகு இரண்டு வாரத்தில் மொத்தத்தையும் பார்த்து முடித்தவர்கள் "நல்லாதான் இருந்துச்சு" என்று எழுந்து போவதற்கும் இதுதான் காரணம். அவர்கள் பார்த்தது அதே 37 மணி நேரம். மேலே சொன்ன பத்து வருடம் அவர்கள் கணக்கில் இல்லை. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

இங்கே கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும். 'இறுதி சீசன்' என்ற பெயரில் அது 2020 டிசம்பரில் தொடங்கியது. பிறகு 2022 ஜனவரியில் இறுதி சீசனின் இரண்டாம் பகுதி. 2023 மார்ச்சில் மூன்றாம் பகுதியின் முதல் பாதி. அதே வருடம் நவம்பரில் மறுபாதி. "கிளம்புறேன்" என்று எழுந்துவிட்டு வாசற்படியில் நின்றே மூன்று மணி நேரம் பேசும் சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறோமே, அந்த வகை. அப்போது கடுப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அந்த வாசற்படிப் பேச்சு இல்லாமல் 2020-இலேயே படக்கென்று முடிந்திருந்தால் தாங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

முடிவு பிடித்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியில் நேர்மையான வரி அதுதான். நான் அப்படி இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021 ஏப்ரல் 9 அன்று, அனிமேக்கு மூலமான மாங்காவின் 139-ஆவது, கடைசி அத்தியாயம் வந்தது. மாதம் ஒன்றாக, 2009 செப்டம்பரிலிருந்து வந்துகொண்டிருந்த கதை. படித்தேன், கொதித்தேன். உலகில் பெரும்பாலோரை மிதித்துக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறான் எரென். அவனிடம் போய் சிறுவயதுத் தோழன் அர்மின் நன்றி சொல்கிறான்! இன்னொரு பக்கம் எரென், தன்னோடு வளர்ந்த மிகாசா வேறு யாரையும் தேடிக்கொள்ளக் கூடாது, குறைந்தது பத்து வருடமாவது தன்னை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தரையில் புரண்டு புலம்புகிறான். இவனுக்காகவா இத்தனை வருடம்? நண்பனுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். எந்த இடத்தில் சறுக்கியது, எப்படி முடித்திருக்க வேண்டும், 122-ஆவது அத்தியாயத்தோடு ஏன் பொருந்தவில்லை, இப்படி. அந்தக் கடிதத்தை இன்றைக்குப் படித்தால் பாதி வாதம் சரியாகவே இருக்கிறது. ஆனால் குரல் விமர்சகனின் குரலாக இல்லை. பந்தியில் இலை எடுத்துவிட்டதற்குச் சண்டை போடுகிறவன் குரலாக இருக்கிறது.

அந்த வருடமே அப்படித்தான். ஜனவரி 8 அன்று ஜின்டாமாவின் கடைசிப் படம் வந்தது. தான் முடியப்போவதாக அறிவித்து அறிவித்து ரசிகர்களை ஏமாற்றுவதையே நகைச்சுவையாக வைத்திருந்த தொடர் அது. மாங்காவே 2018-இல் வார இதழில் 'முடிந்து', முடியாமல் வேறு இதழுக்குப் போய், அங்கும் முடியாமல் ஒரு செயலிக்குப் போய், 2019-இல்தான் நிஜமாக முடிந்தது. ஓநாய் வருது ஓநாய் வருது என்று கத்தியவன் கதை மாதிரி, கடைசியில் உண்மையாகவே வந்தபோது நம்ப முடியவில்லை.

மார்ச் 8 அன்று எவாங்கெலியனின் கடைசிப் படம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முடிவு என்றால் என்ன என்று அனிமேக்காரர்களுக்குள் நடக்கும் எல்லாச் சண்டையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் 26 எபிசோட்களோடு முடிந்த தொடர். கடைசி இரண்டு எபிசோட்களில் கதையை அப்படியே விட்டுவிட்டு நாயகன் ஷின்ஜியின் மனதுக்குள் போய், எல்லாரும் சுற்றி நின்று கைதட்டி "வாழ்த்துகள்" சொல்வதோடு நிறுத்திவிட்டார் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 1997 ஜூலையில் வேறொரு முடிவைப் படமாகக் கொடுத்தார். அந்தப் படத்தின் நடுவே திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களையே நிஜக் காட்சியாகத் திரையில் காட்டுவார். 'உனக்கு என்னதான் வேண்டும்?' என்று கேட்பது போலிருக்கும். அதன் பிறகும் விடவில்லை. 2007-இல் மறுபடி முதலிலிருந்து படங்களாக எடுக்கத் தொடங்கி, பதினான்கு வருடம் இழுத்து, பெருந்தொற்றால் இருமுறை தேதி தள்ளிப்போய், 2021-இல் முடித்தார். அந்தக் கடைசிப் படத்தில் ஷின்ஜி ஒவ்வொருவரிடமாகப் போய் விடைபெற்று அனுப்பிவைக்கிறான். இருபத்தைந்து வருடத்தில் அன்னோவுக்கும் வயதாகியிருந்தது, ரசிகர்களுக்கும் வயதாகியிருந்தது. 1996-இல் இருபது வயதில் அந்த முடிவைக் கேட்டிருந்தால் யாருக்கும் காதில் ஏறியிருக்காது என்பது என் கருத்து. சில முடிவுகளை எழுதுகிறவருக்கும் கொஞ்சம் வயதாக வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் அட்டாக் ஆன் டைட்டன், மேலே சொன்னேன். நான் கத்திக்கொண்டிருந்தபோதே மே 20 வந்தது. பெர்செர்க் மாங்காவின் கென்தாரோ மியூரா மே 6-ஆம் தேதியே காலமாகிவிட்டார் என்று அன்றைக்கு அறிவித்தார்கள். 54 வயது. 1989-இலிருந்து வரைந்துகொண்டிருந்த கதை, பாதிக் கடலில் நின்றுவிட்டது. 1997-இல் வந்த பெர்செர்க் அனிமேயோ, எல்லாரும் பலியிடப்படும் அந்தப் பயங்கரத்தின் நடுவிலேயே முடிந்துபோனது. நாயகன் எப்படித் தப்பினான் என்றுகூடக் காட்டவில்லை. அந்த அனிமேயின் ரசிகர்கள் மீதியை மாங்கா சொல்லும் என்று இருந்தவர்கள். 2022 ஜூனிலிருந்து, மியூராவின் நண்பர் கோஜி மோரி, மியூரா தன்னிடம் சொல்லியிருந்த கதையை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல, மியூராவின் உதவியாளர்கள் வரைகிறார்கள். தன் நினைவில் இல்லாத எதையும் சேர்க்கமாட்டேன் என்று மோரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். இதைப் படித்த அன்று, நண்பனுக்கு நான் எழுதிய பக்கங்களை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். நமக்கு ஒரு முடிவு கிடைத்தது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கே ஒரு முடிவு வேண்டியிருக்கிறது.

கிடைக்காத முடிவுகள்தான் அனிமேயில் அதிகம். புதிதாக வருபவர்களுக்கு இது புரிவதில்லை. பெரும்பாலான அனிமேக்கள் பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி எனப் பலர் சேர்ந்து போடும் முதலீட்டுக் குழுவின் பணத்தில் எடுக்கப்படுபவை. பதிப்பகத்துக்கு அது மாங்காவை விற்கும் விளம்பரமும்கூட. 12 எபிசோட் ஓடி, புத்தகம் விற்றுவிட்டால் வேலை முடிந்தது. மீதிக் கதையைப் புத்தகத்தில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். மாங்காவை அனிமே முந்திவிட்டால் இன்னொரு சிக்கல். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003-இல் அப்படித்தான் சொந்தமாக ஒரு முடிவை எழுதிக்கொண்டது. பிறகு 2009-இல் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மாங்கா முடிந்த 2010 கோடையிலேயே 64 எபிசோட்களோடு தானும் முடித்தது. நருட்டோ வேறு வழி பிடித்தது, மாங்காவில் இல்லாத ஃபில்லர் எபிசோட்களைப் போட்டு ஓட்டி இரு தொடருமாக 720 எபிசோட். பிளீச் 2012-இல் பாதியில் நின்று பத்து வருடம் கழித்து 2022-இல் எழுந்து வந்தது. முடிவே வேண்டாம் என்றால் 1969-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சசாயே-சான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வயது கூடுவதில்லை. எனக்கு அது வேண்டாம்.

இனி 2023 நவம்பர். அனிமேயின் கடைசி எபிசோட். முடிவு தெரியும். இரண்டரை வருடமாகத் தெரியும், எதிர்த்து வாதாடியும் இருக்கிறேன். பேனாவும் தாளும் இல்லாத குறையாக, குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த எரென்–அர்மின் உரையாடலை, மாங்காவை எழுதி வரைந்த இசயாமா திருத்திக் கொடுத்திருந்தார். அர்மின் இப்போது வெறுமனே நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. சுவருக்கு வெளியே உலகம் இருக்கிறது என்ற ஆசையை உனக்குள் விதைத்தவன் நான்தான், நரகம் என்று ஒன்று இருந்தால் அங்கேயும் சேர்ந்தே இருப்போம் என்று தன் பங்கை ஏற்றுக்கொள்கிறான். நிச்சயம் மேம்பட்ட காட்சி. என் புகார்ப் பட்டியலில் முதலிடத்தில் இருந்ததும் அதுதான். அது தீர்ந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதே பாரம் அப்படியே நெஞ்சில் இருந்தது, கோபம் மட்டும் காணோம். 2021-இல் கோபம் என்று நினைத்ததில் பாதிக்கு மேல் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அனிமே இன்னும் பாக்கி இருந்தது, அதனால் கோபப்பட வசதி இருந்தது. 2023-இல் பாக்கி எதுவும் இல்லை.

'முடிவு பிடிக்கவில்லை' என்பதும் 'முடிந்தது பிடிக்கவில்லை' என்பதும் வாயில் ஒன்றுபோல வந்துவிடுகின்றன. பிரித்துப் பார்க்க என்னிடம் ஒரே சோதனைதான் உண்டு. உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு முடிவை மனதில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் மனம் லேசானால், உங்களுடையது விமர்சனம், தாராளமாகச் சண்டை போடுங்கள். அப்போதும் கனமாகவே இருந்தால் இசயாமாவை விட்டுவிடுங்கள், பாவம்.

இன்னொன்று. தமிழில் யோசிப்பவர்களுக்கு இந்த முடிவில் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. மாங்காவின் முதல் பக்கத்திலேயே மிகாசா, "இத்தெராஷ்ஷாய், எரென்" என்கிறாள். காரணம் புரியாது. பதினோரு வருடம் கழித்து, 138-ஆவது அத்தியாயத்தில், அவனைத் தன் கையாலேயே கொல்லும் இடத்தில் அதே வார்த்தை திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிற மாதிரி போட்டிருந்தார்கள். தவறில்லை, ஆனால் உப்பில்லை. ஜப்பானியர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "இத்தெகிமாஸ்" என்பார்கள், சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்'. வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்" என்பார், 'போய் வா'. 'போறேன்' என்று மொட்டையாகச் சொன்னால் திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இதற்கு அடிக்குறிப்பே தேவையில்லை. போயிட்டு வா, எரென். வரமாட்டான் என்று தெரிந்தேதான் சொல்கிறாள். நான் உடைந்த இடம் இது. மாங்காவில் படித்தபோது கோபத்தில் இதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

அடுத்து என்ன பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். உடனே எதுவும் தொடங்காதீர்கள். குறிப்பாக 'இதே மாதிரி ஒன்று' தேடாதீர்கள். நான் தேடினேன். மூன்று நல்ல தொடர்களைப் பாதியில் கொன்றதுதான் மிச்சம், அவை எதுவும் தப்பு செய்யவில்லை. ஒரு மாதமாவது போகட்டும். அதற்குப் பிறகு வின்லேண்ட் சாகா பாருங்கள். முதல் சீசனை எடுத்தது விட் ஸ்டுடியோ, இரண்டாவதை மப்பா, அட்டாக் ஆன் டைட்டன் கைமாறிய அதே வழி. ஆனால் வெறுப்பை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது போகும் திசை வேறு. இரண்டாம் சீசன் மெதுவாக இருக்கிறது என்பார்கள், அந்த மெதுவுக்காகத்தான் சொல்கிறேன். 'எல்லாக் காலத்திலும் சிறந்த முடிவு எது' என்ற தரவரிசைச் சண்டைகள் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகாதீர்கள். புண்ணில் உப்புத் தாள் வைத்துத் தேய்க்கிற வேலை அது.

என்றைக்காவது ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தால், ஓய்தா மாகாணத்தில் ஹிதா என்ற ஊர் இருக்கிறது. இசயாமா வளர்ந்த இடம், சுற்றிலும் மலை. அங்கே ஓயாமா அணையின் அடியில் சிறுவயது எரென், மிகாசா, அர்மின் மூவருக்கும் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அணையின் சுவர்தான் கதையின் சுவர். மூவரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். கதையில் அந்தச் சுவருக்கு மேல் ராட்சத டைட்டனின் தலை தெரிந்த அந்த நொடி. நான் போனதில்லை, படங்களில் பார்த்ததோடு சரி. மற்ற எல்லாம் முடிந்துவிட்டாலும் அவர்களுக்கு மட்டும் இன்னும் கதை தொடங்கவே இல்லை.

கடைசியாக, திரும்ப முதலிலிருந்து பார்ப்பது. பார்க்கலாம், ஆனால் தயாராகிக்கொண்டு உட்காருங்கள். நான் நான்கு மாதம் கழித்து உட்கார்ந்தேன். முதல் எபிசோடில், மரத்தடியில் தூங்கிக்கொண்டிருக்கும் எரென் விழிக்கிறான். ரொம்ப நீளமாக ஏதோ கனவு கண்ட மாதிரி இருந்தது, என்னவென்று நினைவில்லை என்கிறான். அந்த மரம் எந்த மரம், அதன் கீழே கடைசியில் யாரைப் புதைப்பார்கள் என்பதெல்லாம் இப்போது தெரியுமே. பக்கத்தில் விறகு சுமந்து நிற்கும் மிகாசா கேட்கிறாள், "எரென், ஏன் அழுகிறாய்?"

அங்கே நிறுத்தியவன்தான். இரண்டாவது எபிசோட் இன்னும் பார்க்கவில்லை.